விருந்தினர் விடுதியில் ஒரு செத்தவீடு

அல்மாஸின் தாய் இறந்த செய்தி வந்த காலை, நான் முதலில் கையேட்டைத் திறந்தேன். ஃபெலோஷிப்பில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டு விவசாய விஞ்ஞானிகளுக்காக நானே தொகுத்தது. டெங்கு வந்தால், பாஸ்போர்ட் தொலைந்தால், பாம்பு கடித்தால் என்ன செய்வதென்றெல்லாம் அதில் உண்டு. தாய் இறந்தால் என்ற பக்கம் இல்லை. ஆகவே இணைப்பாளர் என்ற முறையில், அடுத்த கட்டடத்திலேயே இருந்த அல்மாஸுக்கு அனுதாப மின்னஞ்சல் ஒன்று அனுப்பினேன். ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது.

அல்மாஸ் எத்தியோப்பியப் பெண். இணுவில் தோட்டமொன்றில் சின்ன வெங்காயத்தின் இலை நோய்க்கு ட்ரையல், அதாவது பரிசோதனைப் பயிர், போட்டிருந்தார். அவருடைய ஊரில் அன்றைக்கே அடக்கம்; எந்த விமானத்தைப் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது. விடுதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தனிமையை மதிக்கவேண்டும் என்று நானும் ஒதுங்கினேன். பயந்தவனுக்கு வசதியான வசனம்.

பின்னேரம் அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரி சிவபாக்கியம் அக்கா ஃபோன் எடுத்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ரை தாய் மோசம் போயிட்டாவாம். செத்தவீடு எங்கை?"

"எத்தியோப்பியாவிலை, அக்கா."

"அது தெரியும். நாங்கள் எங்கை வாறது?"

பிள்ளை விடுதியில்தான் என்றேன். அப்படியென்றால் அதுதான் செத்தவீடு என்று முடிவாகிவிட்டது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அக்காவும் கணவரும் பக்கத்துத் தோட்டக்காரரும் சோற்றுப் பானையோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்திறங்கி, விடுதி முன்கூடத்துக் கதிரைகளில் அமர்ந்தார்கள். அல்மாஸ் வெளியே வந்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. எத்தனை வயது, என்ன நோய், கனநாள் படுக்கையோ என்று கேள்விதான் கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். பதில் சொல்லச் சொல்ல அல்மாஸின் குரல் மெல்லத் தெளிந்தது.

"அம்மாவை ஆர் பிள்ளை வைச்சுப் பாத்தது?" என்றார் அக்கா.

அதை மட்டும் மழுப்பிவிட நினைத்தேன். மழுப்ப ஆங்கிலம் போதவில்லை. கேட்டேன்.

"நான்தான்," என்றார் அல்மாஸ். "இங்கே வரும்வரைக்கும்."

அதற்குப் பிறகுதான் அழுதார். அக்கா போய்க் கட்டிப்பிடித்துத் தானும் அழுதார். மொழிபெயர்ப்பாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுதுபட எல்லாரும் எழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்கள். அல்மாஸ் திகைத்தார். "நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார். செத்தவீட்டில் 'போட்டு வாறம்' என்று சொல்லி விடைபெறமாட்டார்கள், திரும்பி வருவதென்றால் இன்னொரு சாவுக்கல்லவா வரவேண்டும் என்று விளக்கினேன்.



"அப்படியென்றால் அவர்கள் என் அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான் வந்தார்கள்," என்றார் அல்மாஸ்.

இந்த வேலைக்கு இப்போது வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாவுச் செய்தி வந்தால் எழுதாதீர்கள், போங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. என்ன நோய், எத்தனை நாள் கிடந்தார் என்று கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால், அதை யாரிடமும் சொல்லாமலே அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள்.