ஆந்தை முனையில் ஒரு மணி நேரம்

எல்மர் ஹாகனுக்குப் பொறாமை என்பது ஐம்பத்தேழாவது வயதில்தான் வந்தது. அதற்கு முன் வராததற்குக் காரணம் அவன் நல்லவன் என்பதல்ல. பொறாமைப்படும்படி எங்கள் கரையில் வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வான்கூவர் தீவின் மேற்குப் பக்கம், காடும் பசிபிக் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் எங்கள் கரைப் பாதை அறுபது கிலோமீட்டர் ஓடுகிறது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஐந்தாறு நாள் சேற்றில் நடப்பதற்கென்றே எங்கெங்கோ இருந்து சனங்கள் வருவார்கள். அவர்கள் காலை வைக்கிற பலகையெல்லாம் எல்மர் போட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மரம் வெட்டப் போனான், அது அலுத்துப் போய் பாதை வேலைக்கு வந்தான். இருபத்தாறு வருஷம். விழுந்து கிடக்கும் தேவதாரு மரத்தை அந்த இடத்திலேயே பலகையாகப் பிளப்பான். பாசி வழுக்காமலிருக்க அதன்மேல் கோழிவலைக் கம்பியை அறைவான். கடற்கரையிலிருந்து காட்டுக்குள் ஏற வேண்டிய இடங்களில், கரை ஒதுங்கிய மீன்வலை மிதவைகளைப் பொறுக்கி வந்து மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவான். சிவப்பு மிதவை தெரிந்தால் அங்கே வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் மனைவி டோரீன் பாதை தொடங்கும் இடத்தில் கடை வைத்திருக்கிறாள். சூடான மீன் சூப், ரொட்டி, காப்பி, மறந்துவிட்டு வந்தவர்களுக்குக் காலுறை. கடை மேசையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் உண்டு. நடந்து முடித்தவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் எல்மர் அதை எடுத்துவைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பான். கரடி பார்த்தோம் என்று இருக்கும். திமிங்கலம் பார்த்தோம், டோரீன் சூப் அருமை என்று இருக்கும். பலகை நன்றாக இருந்தது என்றுகூட எப்போதாவது இருக்கும். எல்மர் என்ற பெயர் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. பலகைக்கு யார் பெயர் கேட்பார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வான்.

போன வசந்தத்தில் கிளான்சி டுஃப்ரேன் வந்து சேர்ந்தான். நாற்பது வயது. சஸ்காச்சுவன் சமவெளியில் தானியக் கிடங்குகள் கட்டிக்கொண்டிருந்த தச்சன். நாற்பது வயதுவரை கடலையே பார்க்காதவன். முதல் நாள் கடற்கரையில் நின்று, "இவ்வளவு தண்ணியும் எங்க போகுது?" என்று கேட்டான். எல்மர் அன்றைக்கே அவனுக்குக் 'கோதுமை' என்று பெயர் வைத்தான். ஊரே சிரித்தது. கிளான்சியும் சேர்ந்து சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட எல்மருக்குப் பிடித்திருக்கும்.

ஜூலை வருவதற்குள் நோட்டுப் புத்தகத்தில் கிளான்சியின் பெயர் பதினோரு தடவை வந்தது. எல்மர் எண்ணினான். 'கிளான்சி எங்கள் கிழிந்த பையைத் தைத்துக் கொடுத்தார்.' 'கிளான்சியின் படிக்கட்டு ஒரு அழகு.' அந்தப் படிக்கட்டைப் போய்ப் பார்த்தான். காலால் உதைத்துப் பார்த்தான். ஆடவில்லை. திரும்பி வரும்போது வழி நெடுகத் தன் பலகைகளையே வெறித்துக்கொண்டு வந்தான்.

"கிளான்சி அடுப்புக் கதவைச் சரி பண்ணிட்டான் பாத்தியா?" என்றாள் டோரீன் ஒரு நாள்.

"நான் பண்ண மாட்டேனா?"

"நாலு வருஷமா சொல்லிட்டிருக்கேன் எல்மர்."

"கேட்ட விதம் சரியில்ல."

"அவனை நான் கேக்கவே இல்லையே!"

எல்மர் சூப்பை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கடையிலிருந்து முக்கால் மணி நேரம் கடற்கரையோரமாக நடந்தால் ஆந்தை முனை. தண்ணீர் வற்றியிருக்கும்போது பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கடல் முழுக்க வற்றுகிற நேரம்தான் வற்றல்; அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், பின்னால் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் கெடு. தவறினால் காட்டு வழியாகச் சேற்றிலும் வேரிலும் இரண்டு மணி நேரம் சுற்ற வேண்டும். முனையின் வயிற்றில் ஒரு குடைவு இருக்கிறது. அதற்குள் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் தண்ணீர், பின்னால் செங்குத்துப் பாறை. அங்கே ஒரு ஏணி வேண்டும் என்றான் கிளான்சி.

"எதுக்கு ஏணி?" என்றான் எல்மர். "நேரம் பாத்துப் போறவனுக்கு ஏணி வேண்டாம். பாக்காதவனுக்கு ஏணி வச்சும் பிரயோஜனம் இல்ல."

"ஒரு நாள் யாராவது தப்பா பாத்துட்டா, பெரியவரே?"

அந்தப் 'பெரியவரே' எல்மருக்கு வேப்பங்காய். ஏணி எழுந்தது. நாற்பத்தொரு படி. எல்மர் அந்தப் பக்கமே போகவில்லை.

வற்றல் நேரத்தைக் கடை வாசல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது எல்மரின் வேலை. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோடையில் எங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். ஆனால் அச்சடித்து வருகிற அலைக் கணக்குப் புத்தகம் வருஷம் முழுக்கப் பழைய நேரத்தையே சொல்லும். அதனால் கோடையில் புத்தகத்தில் உள்ளதோடு ஒரு மணி நேரம் கூட்டித்தான் எழுத வேண்டும். இது தெரியாமல் கால் நனைத்த வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர். எங்கள் கரையில் பிறந்தவன் தூக்கத்திலும் கூட்டுவான்.

ஜூலையில், மலை மேலே ஓடைப் பாலம் ஒன்று இடிந்து போனதால் எல்மர் பன்னிரண்டு நாள் அங்கே கூடாரத்தில் கிடக்க வேண்டி வந்தது. கடல் கண்ணில் படவில்லை, காதிலும் விழவில்லை. கரும்பலகையைக் கிளான்சி பார்த்துக்கொண்டான். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்மர் கீழே இறங்கி வந்தபோது, கடைச் சுவரில் புதிதாக ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கோடை முழுவதற்குமான வற்றல் நேரங்கள், கட்டம் கட்டி, அழகான எழுத்தில், மழையில் நனையாத உறை போட்டு.

"கிளான்சி பண்ணது," என்றாள் டோரீன். "இப்ப எல்லாரும் தாங்களே பாத்துக்கறாங்க. எவ்வளவு வசதி!"

தாங்களே பார்த்துக்கொள்கிறார்களாம்! அப்படியானால் எல்மர் எதற்கு? பக்கத்தில் போய் நிதானமாகப் படிக்க மனம் ஒப்பவில்லை. தள்ளி நின்று, அன்றைய தேதிக்கு நேராக ஓரக்கண்ணால் பார்த்தான். 11.10. வாசலுக்கு வந்து கரும்பலகையைப் பார்த்தான். அங்கேயும் 11.10.

கூட்டியிருக்க மாட்டான்; புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூட எல்மருக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்திருக்கிறான் கோதுமை!

அந்தக் கணத்தில் எல்மருக்குக் கிடைத்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்திருக்காது. சுண்ணக்கட்டியை எடுத்து 11.10-ஐ உள்ளங்கையால் அழித்தான். 12.10 என்று ஒரு முழ உயரத்துக்கு எழுதினான். உள்ளே வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உங்க அழகு அட்டை ஒரு மணி நேரம் தப்பு. சமவெளிக்காரனைக் கடல் கணக்குப் போடச் சொன்னா இப்படித்தான். கோதுமைக்கு அலை ஏது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். டோரீன் அட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் தப்பே எழுதாதவன். சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு தாயும் மகளும் மூட்டையைத் தூக்கினார்கள். தாய் பெர்னிஸ், அறுபது வயது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. மகள் நோரா.

"முனையைச் சுத்த இப்ப நேரம் இருக்குல்ல?" என்று கேட்டாள் பெர்னிஸ்.

"ஒண்ணு நாப்பது வரைக்கும் இருக்கு," என்றாள் டோரீன். "எல்மர் எழுதினது. கண்ணை மூடிட்டுப் போங்க."

எல்மருக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. இரண்டாவது கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டான்.

பன்னிரண்டேகாலுக்குக் கிளான்சி ஆணி எடுக்க வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பலகைல நேரத்தை யாரு மாத்தினது?"

"நான்தான்," என்றான் எல்மர், ரொட்டியை மென்றுகொண்டே. "ஒரு மணி நேரம் கூட்ட மறந்துட்டே தம்பி. பரவால்ல, எல்லாருக்கும் வர்றதுதான்."

"அட்டையிலயே கூட்டித்தானே எழுதியிருக்கேன்! மேல படிக்கலையா?"

எல்மர் எழுந்து போய்ப் பார்த்தான். அட்டையின் தலையில், சிவப்பு மையில், ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்படி இருந்தது: 'எல்லாம் கோடைக் கடிகார நேரம். மேற்கொண்டு கூட்ட வேண்டாம்.'

எல்மர் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்துக்கே கடல் வற்றி முடிந்துவிட்டது. ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு நாற்பதுக்கு முனை அடைபடும்.

"எல்மர், அந்தம்மாவும் பொண்ணும்..." என்று டோரீன் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாசலைத் தாண்டிவிட்டான். கிளான்சி கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

முனையின் உச்சிக்குக் காட்டுக்குள் ஒரு குறுக்குப் பலகை வழி. அவன் போட்ட பலகை. கம்பி வலை கீழே காலைப் பிடித்துக் கொடுக்க, ஐம்பத்தேழு வயது உடம்பு நாய் மாதிரி இரைக்க ஓடியது. கிளான்சி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எல்மருக்கு ஓடச் சுலபமாக இருந்திருக்கும்.

முனையின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குடைவுக்குள் ஒரு பாறைமேல் இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாறைக்கும் ஏணிக்கால் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இருபது அடி. அதில் அலை இடுப்பளவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"நான் இறங்கறேன்," என்றான் கிளான்சி.

"உனக்கு அலை தெரியாது. கயித்தைப் பிடி."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு எல்மர் ஏணியில் இறங்கினான். சொன்னால் நம்ப மாட்டீர்கள். கீழே இரண்டு உயிர் நிற்கிறது, அவன் எழுதிய எழுத்தால் நிற்கிறது, அந்த நேரத்திலும் அவன் கால் ஒவ்வொரு படியாக ஆட்டம் தேடிக்கொண்டே இறங்கியது. ஒரு படியாவது கிரீச்சிடாதா? ஒரு முனையாவது உளுத்திருக்காதா? இல்லை. தண்ணீர் தங்காமல் வழிந்து போவதற்காக ஒவ்வொரு படியையும் வெளிப்பக்கம் ஒரு விரல் அளவு சரித்துச் செதுக்கியிருந்தான் கிளான்சி. இருபத்தாறு வருஷத்தில் எல்மருக்கு அது தோன்றவில்லை. படிக்குப் படி நெஞ்சில் ஆணி இறங்கியது.

அடியில் நின்று அலையை எண்ணினான். பெரிய அலைகள் மூன்று வந்தால் அதன் பிறகு கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில் பாய்ந்து போய்ப் பெர்னிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து ஏணியில் விட்டான். மறுபடி போய் நோராவின் கையைப் பிடித்து இழுத்து வரும்போது, ஒரு அலை இரண்டு பேரையும் மார்புவரை முழுக்காட்டிப் பாறையில் சாத்தியது. கிளான்சி மேலிருந்து கயிற்றை இறுக்கினான். மூட்டை இரண்டும் கடலோடு போயின. ஆட்கள் நாற்பத்தொரு படியும் ஏறினார்கள்.

கடையில் அடுப்பருகே கம்பளி போர்த்தி உட்கார்ந்து, பெர்னிஸ் நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"எல்மர் ஹாகன் என்ற தங்கமான மனிதர் கடலுக்குள் இறங்கி எங்களைத் தூக்கி வந்தார். உயிர் உள்ளவரை அவரை மறக்க மாட்டோம்."

இருபத்தாறு வருஷம் காத்திருந்த எழுத்து. எல்மர் கிளான்சியைப் பார்த்தான். கிளான்சி காப்பியை ஊதிக்கொண்டிருந்தான். டோரீன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலையேன்யா," என்றான் எல்மர்.

"நான் என்னத்தைச் சொல்றது, பெரியவரே?"

எல்மர் தொப்பியைக் கழற்றினான். "அம்மா, அந்தப் பன்னிரண்டு பத்தை எழுதினவன் நான்தான். இவன் சரியாத்தான் எழுதியிருந்தான். நான் அழிச்சிட்டேன். ஏணியும் இவன் கட்டினதுதான், நான் வேண்டாம்னு சொன்னது."

பெர்னிஸ் அவனைப் பார்த்தாள், பரீட்சையில் காப்பி அடித்தவனைப் பார்ப்பது மாதிரி. பிறகு பேனாவை எடுத்துக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'எங்களைக் கடலுக்குள் அனுப்பியவரும் இவரே. ஏணி கட்டிய கிளான்சிக்கு நன்றி.'

"பன்னிரண்டு," என்றான் எல்மர் தன்னையறியாமல், நோட்டில் கிளான்சியின் பெயரைப் பார்த்தபடி.

"என்ன பன்னிரண்டு?" என்றாள் டோரீன்.

"ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இப்போதும் நடக்க வருகிறவர்கள், "அது நீங்கதானா?" என்று அவனைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அது இருக்கட்டும். அன்றைக்குக் கிளம்பும்போது கிளான்சி ஒன்று கேட்டான்.

"ஏணி எப்படி இருந்துச்சு?"

எல்மர் யோசித்தான். "மேலேருந்து ஒன்பதாவது படி. கொஞ்சம் வழுக்குது."

"அப்படியா? காலைல பாத்துடறேன்."

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. கிளான்சி கம்பி வலைச் சுருளும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனான். எல்மர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போகட்டும் என்று விட்டான். இருபது தப்படி போகும்வரைதான் விட முடிந்தது.

"டேய் கோதுமை!"

கிளான்சி திரும்பினான்.

"ஒன்பதாவது படில ஒண்ணும் இல்ல. திரும்பி வா."

"அப்புறம் ஏன் வழுக்குதுன்னீங்க?"

எல்மர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, நேற்றைய எழுத்தைக் கை வலிக்கத் துடைத்தான்.

"ஒண்ணாவது வழுக்காதான்னு இருந்துச்சு, அதான்," என்றான். "இன்னைக்கு வற்றல் எத்தனை மணிக்குன்னு அந்த அட்டையைப் பாத்துச் சொல்லு."