ஐம்பத்தேழு கிலோ

என் மகள் தொழில்முறைக் குத்துச்சண்டை வீராங்கனை. அவளது இயல்பான எடை ஐம்பத்தொன்பது கிலோ. அந்தப் பிரிவில் அவளோடு மோத ஓராண்டாக எவரும் கிடைக்கவில்லை. பிறகு, ஐம்பத்தைந்து கிலோப் பிரிவினள் ஒருத்தி முன்வந்தாள். இருவருக்கும் நடுவே ஐம்பத்தேழு என்று எடையை வரையறுத்தனர். அத்தகைய போட்டியைக் கேட்ச்வெயிட் என்பர்.

"படிச்சுச் சொல்லுங்கப்பா, ஒத்துக்கலாமா?" என்று ஒப்பந்தத்தை நீட்டினாள்.

கல்லூரியில் இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான், இருமுறை படித்தேன். அவள் இரண்டு கிலோ இறங்க வேண்டும், மற்றவள் இரண்டு கிலோ ஏற வேண்டும். போட்டிக்கு முதல்நாள் எடை பார்த்தபின், போட்டியன்று காலையிலும் நிறுப்பார்கள். அப்போது ஐம்பத்தெட்டைத் தாண்டலாகாது. விதி இருவருக்கும் பொது. நடுநிலை பிறழாத ஒப்பந்தம் என்றேன். கையொப்பமிட்டாள்.

ஏறுபவள் உண்கிறாள், இறங்குபவள் வற்றுகிறாள் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

உணவைக் குறைத்ததில் ஒரு கிலோ போயிற்று. மற்றது அசையவில்லை. என் மைத்துனர் செராமிக் பொம்மைகள் செய்பவர். அவருடைய சூளையை ஒட்டி, ஈரப் பொம்மைகளை உலர்த்தும் வெப்ப அறை உண்டு. இரண்டு கம்பளிச் சட்டைகளை அணிந்து அவள் அதனுள் அமர்ந்தாள்.

"பொம்மைய காய வைக்கிற எடத்துல பொண்ண காய வைக்கிறீங்களே" என்றார் மைத்துனர் என்னிடம்.

"வெடிச்சுட்டா ஒங்க மேல கேஸு போட மாட்டேன் மாமா, கதவ சாத்துங்க" என்று உள்ளிருந்து அவள் சிரித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சென்னையில் எடை பார்த்தபோது சரியாக ஐம்பத்தேழு. அன்று மாலை விடுதி அறையில், மறுநாள் காலை எடையை எண்ணி, அளந்துதான் தண்ணீர் கொடுத்தேன்.

"இன்னும் ரெண்டு வாய் குடிச்சுக்கட்டுமாப்பா?"

வேண்டாம் என்றேன்.

காலையில் ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. போட்டி ஆறு சுற்றுகள். முதலிரண்டும் அவளுடையவை. நான்காம் சுற்றில் கைகள் போன திசைக்குக் கால்கள் வரவில்லை. புள்ளிகளில் தோற்றாள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த எனக்குத் துயரம் என்று பெயரிடத்தக்க எதுவும் தோன்றவில்லை; மறுத்த இரண்டு வாய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

வென்றவள் வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "நானும் தின்னு தின்னு வாந்தியே எடுத்துட்டேன்க்கா."

"நீயாவது தின்ன" என்றாள் என் மகள். இருவரும் சிரித்தனர்.

திரும்பும் ரயிலில் இரண்டு புட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "அடுத்ததும் கேட்ச்வெயிட்டுதாம்பா வரும். என் வெயிட்டுல யாரு இருக்காங்க?"

மறுத்துவிடு என்றேன்.

"அப்ப வூட்லயே உக்காந்துக்கட்டுமா?"

மூன்றாவது புட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினேன். எங்கள் ஊர் விருத்தாசலம் வருவதற்குள் அதையும் குடித்து முடித்தாள்.