மன்னிக்கணும், நீங்க அவுட்

நடுவர் தொழிலில் நல்ல பெயர் என்பது, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாதிருப்பது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தாம்பரம் பக்கத்துக் கபடிச் சங்கம் ஒன்றில் எனக்கு நடுவர் மேம்பாட்டு அலுவலர் என்று பதவி. சேரும்வரை கபடியை நான் டிவியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தெரியாத தொழிலில் போய் உட்கார்ந்து, தெரிந்ததுபோல் தலையாட்டி முதல் மாதத்தைக் கடத்தியவர்கள் இதைப் படிக்கும்போது அவரவர் கதையையும் நினைத்துக்கொள்ளலாம்.

நேர்முகம்

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கரணையில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். கோபமாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அலுவலகம் வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. சங்கத்தின் விளம்பரத்தில் ‘விளையாட்டு அனுபவம் தேவையில்லை’ என்று போட்டிருந்ததை அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அச்சுப்பிழை இல்லை. செயலாளர் ஏகாம்பரம் படப்பைக்காரர். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இரண்டு பேருமே பழைய ஆட்டக்காரர்கள் என்றார். முதலாமவர் வகுப்பு நடுவில் மண்டிபோட்டுக் கணுக்காலைப் பிடித்துக் காட்டியதில், நடுவராக வந்தவர்கள் பாதிப் பேர் விளையாடப் போய்விட்டார்கள். இரண்டாமவர் தன் ஊர் அணி ஆடும் இடத்துக்கெல்லாம் தன் மைத்துனனையே நடுவராக அனுப்பினார். இப்போது ஒன்பது பேர்தான் மிச்சம். பொங்கல் போட்டிக்குள் பன்னிரண்டு பேர் வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதவியையே கமிட்டி எடுத்துவிடும் என்றார். எனக்கு ஒரு விதிகூடத் தெரியாதே என்றேன்.

“ரூல் புக்கு கடையில கிடைக்கும்மா. எந்த ஊர் டீமும் சொந்தமில்லாத ஆளு எங்க கிடைக்கும்?”

குரலில் சிரிப்பு

விதிகளைச் சொல்லித்தர மூத்த நடுவர் ஒருவர் இருந்தார். மனிதர்களிடம் பேசுவது என் பாடம். எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லித்தர முடியும்? குரலில் சிரிப்பு இருக்கட்டும், எதிராளி கத்தினால் குரலைத் தாழ்த்துங்கள், கெட்ட செய்தியைச் சொல்லும் முன் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கள் என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அதை அப்படியே கடைப்பிடித்தவர் செல்வகுமார் ஒருவர்தான். சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் பி.டி. மாஸ்டர், இருந்தவர்களில் நல்ல நடுவர்.

மாடம்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எதிரணிப் பக்கம் பாடி ரெய்டு போன பையன் திரும்பும்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டான். செல்வகுமார் விசில் ஊதினார், கை காட்டினார், அத்தோடு நிற்காமல் அவன் பக்கத்தில் போய் மெதுவாக, “மன்னிக்கணும், நீங்க அவுட்” என்றார். அதுவரை தலையைக் குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டான். அணி மொத்தமும் உள்ளே வந்தது. அரை மணி நேரம் ஆட்டம் இல்லை. விசாரிக்கப் போன என்னிடம் அணித் தலைவன் கேட்டான்.

“தப்பு பண்ணலேன்னா இவரு இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்குறாரு மேடம்?”

டைம் இல்ல

அடுத்த மாதம் செல்வகுமார் வருவதை நிறுத்தினார். போனில் கேட்டதற்கு டைம் இல்லை என்றார். கால் சென்டரிலிருந்து விலகிப் போனவர்கள் அத்தனை பேரும் என்னிடம் சொன்ன காரணம் அதுதான். அதில் ஒருவருக்குக்கூட அது காரணமாக இருந்ததில்லை. இதற்குள் புதிதாக மூன்று பேரைச் சேர்த்து, அவரையும் சேர்த்துக் கணக்கைப் பன்னிரண்டாக்கி வைத்திருந்தேன். அவர் போனதும் பதினொன்று. பொங்கலுக்கு ஆறு வாரம்.

வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் முதல் மாடி. செல்வகுமார் காபி கொடுத்தார், ஸ்கூலில் வேலை அதிகம் என்றார், மொட்டை மாடியில் மோட்டாரை நிறுத்தப் போனார். அவர் படியேறும் வரை பொறுத்திருந்து அவர் மனைவி சொன்னார். மாடம்பாக்கத்தில் மைக்கில் வர்ணனை செய்தவர் அன்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு எந்த மைதானத்தில் இறங்கினாலும் ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொல்லித்தான் வரவேற்கிறதாம். அவர் வேலை செய்யும் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

“இப்ப ஸ்கூல்ல விசில் ஊதினா பசங்க ‘ஸாரி சார்’னு கத்துறாங்க. அந்த மன்னிப்பை அவருக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் எனக்குத் தெரியல.”

மைக்

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நேராக ஜானகிராமனைப் பார்க்கப் போனேன். இந்தப் பக்கத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். வார்டு கவுன்சிலருக்கு நன்றி, பந்தல்காரருக்கு நன்றி, மூச்சு விடாத வர்ணனை எல்லாம் அவரே. விசிலுக்கு முன்னாலேயே ‘அவுட்’ என்பார். நடுவர் வேறு மாதிரி கை காட்டினால், ஐந்நூறு பேர் நடுவரை முறைப்பார்கள். மைதானத்தில் விசிலைவிட மைக் பெரியது என்பது என் கண்ணில் பட்டது. கபடியிலேயே ஊறியவர்களுக்கு அது வேப்பமரம் மாதிரி, எப்போதும் அங்கே இருப்பது.

விசில் வரும்வரை பொறுக்க முடியுமா, நடுவர்களுக்குப் பட்டப்பெயர் வேண்டாமே என்று கேட்டேன். கால் சென்டரில் கற்ற அத்தனை பதத்தையும் பயன்படுத்தினேன். அவர் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

“நான் வாய மூடிகினா ஜனம் வூட்டுக்குப் பூடும் மேடம். அப்பறம் உங்க நடுவரு யாருக்கு அவுட்டு குடுப்பாரு?”

விசில்

அடுத்து நடந்ததை என் திட்டம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் செங்கல்பட்டிலிருந்து வரும் ரயில் தாமதம். சேலையூரில் பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு நடுவர் வந்து சேரவில்லை. பேச்சுத் துணைக்கு வந்து நின்றிருந்த ஜானகிராமன் கையில் விசிலைக் கொடுத்தேன். முப்பது வருடமாகப் பார்க்கிற ஆட்டம், இதில் என்ன இருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

முதல் ரெய்டில் விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை. இரண்டாவதில் ஊதிவிட்டு எந்தப் பக்கம் கை காட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கினார். மூன்றாவதில் கால் கோட்டின் மேலா வெளியிலா என்று தகராறு. பதினான்கு பேர் சுற்றி நின்று கத்தினார்கள். அவரும் ஏதோ சொன்னார். அவர் குரல் அவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்தது. ரயில் நடுவர் வந்ததும் விசிலைக் கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். பிறகு என் பக்கம் வந்து நின்றார்.

“யோசிக்கறதுக்கு ஒரு நிமிசம் குடுக்க மாட்டேன்றானுங்களே மேடம்.”

பன்னிரண்டு

ஜானகிராமன் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அது அவர் வழக்கம் இல்லை. அந்த வாரம் செல்வகுமாருக்குப் போன் செய்து, கோட்டின் மேல் கால் பட்டால் கணக்கு என்ன என்று மட்டும் கேட்டிருக்கிறார். பேச்சு ஒரு மணி நேரம் போயிருக்கிறது. ஞாயிறு காலை செல்வகுமார் நடுவரின் வெள்ளைச் சட்டையோடு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அதற்குள் என் பாடத்திலிருந்து வருத்தம் தெரிவிக்கும் பகுதியை எடுத்துவிட்டிருந்தேன்.

பொங்கல் போட்டி படப்பைக்கு அருகே. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இரண்டு அணியும் சமம். ரெய்டு போனவன் விரல் எதிராளி மேல் பட்டதா இல்லையா என்று கூட்டம் எழுந்துவிட்டது. செல்வகுமார் கை தூக்கவில்லை. பக்கத்து நடுவரிடம் நடந்து போனார். ஏகாம்பரம் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அது கொரகொரவென்றது, ஆனால் பேசவில்லை. முப்பது வருடத்தில் அந்த மைக் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் தாங்க முடியாமல் ஜானகிராமன் வாயைத் திறந்தார்.

“நடுவர் யோசிக்கிறார்... யோசிக்கட்டும், அதுக்குள்ள நீங்கள்ளாம் உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள், விசில் வந்தது, முடிவை ஒருவரும் மறுக்கவில்லை, என் வேலையும் தங்கியது. பன்னிரண்டு நடுவர்களைத் தயார் செய்ய வந்த நான் உருப்படியாகத் தயார் செய்தது, விசிலே இல்லாத பதின்மூன்றாவது ஆளைத்தான்.