சைக்கிளைக் கவிழ்த்துக் கேட்ட மழைச்செய்தி

இன்று யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் மழை எச்சரிக்கை போடும் வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருக்கிறார்.

"வெள்ளம் வருது, வெள்ளம் வருது எண்டு போடுறியள். போன கிழமை முழுக்க ஒரு துளியும் விழேல்லை. உங்களுக்கு வேறை வேலை இல்லையோ?"

"ஓம் அண்ணை, இல்லை," என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்த காலத்தில், இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நண்பன் பெடலைச் சுற்றுவான். டைனமோ வயரை ரேடியோவில் கொடுத்து நான் வானிலை கேட்பேன். அவன் கை ஓய்ந்தால் ரேடியோவின் குரலும் ஓய்ந்துவிடும்.

ஒருமுறை கனமழை என்று கேட்டு ஊரெல்லாம் ஓடிச் சொன்னோம். மழை வரவில்லை. முற்றாத நெல்லை அவசரமாக வெட்டிய சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது.

அடுத்த நாளும் சைக்கிளைக் கவிழ்த்தோம்.

இறங்கும்போது அண்ணை திரும்பிப் பார்த்தார். "அப்ப, நாளைக்கு நெல்லு வெட்டலாமோ?"

"வேண்டாம். மழை வரும்."

நாளை வெயில் எறித்தால், ஏசுவதற்கு இந்தப் பதிவின் கீழே நிறைய இடம் இருக்கிறது. ஏசி முடித்தவர்கள் அப்படியே நில்லுங்கள், நாளை மறுநாளுக்கான எச்சரிக்கையும் அங்கேதான் போடுவேன்.