வரப்பில் பறித்த கீழாநெல்லி

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் சகாதேவனின் வேலை. அவர் மனைவி கஸ்தூரி அடி அண்ணாமலைப் பக்கம் மல்லித் தோட்டங்களில் பூப்பறிக்கப் போவாள். சாயங்காலம் பூச்சிமருந்து அடித்த செடியில் மறுநாள் காலையிலேயே மொட்டு பறிக்க வேண்டும். வீடு திரும்பும்போது சேலையெல்லாம் மருந்து வாடை.

போன வருடம் ஆராய்ச்சி மாணவி தென்றல் ஒரு கூண்டு எலிகளுக்குப் பூச்சிமருந்து கொடுத்தாள். இன்னொரு கூண்டுக்கு மருந்தோடு கீழாநெல்லிச் சாறும் கொடுத்தாள். இருபத்தெட்டாம் நாள் எல்லாவற்றையும் கொன்று அறுத்தபோது, மருந்து மட்டும் தின்றவற்றின் ஈரல் வெளிறி வீங்கியிருந்தது. சாறு குடித்தவற்றின் ஈரல் நல்ல சிவப்பு. அறுத்தெடுத்த ஈரல்கள் இருந்த தட்டைக் கையில் வாங்கிய சகாதேவன் அப்படியே நின்றுவிட்டார். கஸ்தூரியின் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்த சமயம் அது.

மறுநாளிலிருந்து கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். அவள் முகம் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டுப் பூவுக்குக் கிளம்புவாள்.

"கொஞ்ச நாள் போவாத இரேன்."

"நான் நின்னா அந்த எடத்துக்கு வேற ஆள் வந்துடும். அப்புறம் யாரு கூப்புடுவாங்க?"

மூன்று மாதம் ஆகியும் மஞ்சள் இறங்கவில்லை. காலும் வீங்கத் தொடங்கியது. தயங்கித் தயங்கித் தென்றலிடம் சொன்னார்.

"கீழாநெல்லி எங்கண்ணா பறிச்சீங்க?"

"அவ வேல செய்யற தோட்டத்து வரப்புலதாம்மா. அங்கதான் ஜாஸ்தியா மொளைக்குது."



"அந்தச் செடி மேலயும் மருந்து பட்டிருக்கும்ணா. எலிக்கு ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சோம், அளந்து அளந்து குடுத்தோம். அக்கா எத்தன வருஷமா அந்தத் தோட்டத்துல நிக்கறாங்க? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரல் சுருங்கிவிட்டது என்றார். பூச்சிமருந்தினால்தானா என்று சகாதேவன் கேட்டதற்கு, "அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க. மூணு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். அந்த மூன்று மாதமும் தினம் காலையில் தான் அம்மியடியில் உட்கார்ந்திருந்ததை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை.

கஸ்தூரி இப்போது படுத்தபடுக்கை. தோட்டத்தில் அவள் பாத்தியில் வேறொருத்தி பூப்பறிக்கிறாள். பத்து நாளுக்கு ஒருமுறை ஆட்டோவில் கொண்டுபோய் வயிற்றிலிருந்து நீர் எடுத்து வருகிறார்கள். போன தடவை நான்கு லிட்டர் எடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வயிறு மறுபடி வீங்கத் தொடங்கியதுபோல் சகாதேவனுக்குத் தோன்றியது.