காலை எடுத்த பிறகும் அலறிய கார்

என் கால் கனமான கால் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். செமினியில் இருக்கும் மகள் போனிலேயே தீர்ப்புச் சொன்னாள். "அம்மா, நீங்க பயத்துல ஆக்சிலரேட்டரை விடாம அழுத்துறீங்க. போன்ல கூப்பிட்டா வாடகைக் காடி வாசலுக்கே வருது லா. எதுக்கு இந்த வயசுல ரிஸ்க்?" எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அது அவள் வாங்கிக் கொடுத்த போன், அதனால் தப்பித்தது.

பேரன் பிறந்த பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுவரை எங்கள் வீட்டில் ஓட்டியவர் என் கணவர். கண் அழுத்த நோய் அவர் பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒரு நாள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே நீதான்," என்றார். நான் லைசென்ஸ் எடுத்தேன். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு எங்கள் பழைய காரை நானே ஓட்டினேன். அங்கே வாழையிலைச் சாப்பாடு. ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்த கூட்டாளிகள் வருவார்கள், அரட்டை அடிப்பார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மனிதர் ஆசையாகச் சவரம் செய்துகொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு வாரம் நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினேன். கார் பாய்ந்தது. காலை எடுத்தேன், எஞ்சின் இறங்கவில்லை. ஊ என்று ஒரே அலறல். பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்து, கியரை நியூட்ரலில் தள்ளி, ஓரம் கட்டி அணைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே, "காலை எடு! காலை எடு!" என்று கத்தினார்.

"எடுத்துட்டேங்க!" என்றேன். நம்பவேண்டுமே!

எங்கள் தாமானில், குடியிருப்புக்குள்ளேயே, பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அங்கே கார் பரம சாது மாதிரி நின்றது. கால்மிதி நகர்ந்து பெடலில் சிக்குகிறதா என்று பார்த்தார். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைச் சுத்தம் செய்தார். குழாய்களில் எங்காவது காற்று கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "காடி ஓகேதான் ஆன்டி. காலை மட்டும் மெதுவா வைங்க," என்றார். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அடுத்த வெள்ளியும் அதே அலறல். எனக்கே என் கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வீடு திரும்பியதும் சாவியை ஆணியில் மாட்டி, இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் ரசஞ்சோறு. அவர் சவரம் செய்யவில்லை. அந்த நரைத் தாடியைப் பார்க்கப் பொறுக்காமல் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போனேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. முழுதாக அழுத்தினால் மட்டும்தானே அலறுகிறது? தாமானுக்குள் சுற்றிய மெக்கானிக் எங்கே முழுதாக அழுத்தினார்?

மறுநாள் காலை காரை மெதுவாக உருட்டிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். என் கணவரும் கூட வந்தார். கியரைப் பார்க்கிங்கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தேன். அப்புறம் இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது.

"பாரு தம்பி! என் காலு எங்க இருக்கு, நல்லா பாரு!"

"ஐயோ ஆன்டி, ஆஃப் பண்ணுங்க!" என்று ஓடிவந்தார்.

பானட்டைத் திறந்தார். ஆக்சிலரேட்டர் கேபிள் வந்து சேரும் சின்னச் சக்கரத்தைக் கையால் திருப்பிவிட்டார். அது பாதி திரும்பி நின்றுகொண்டது. டார்ச் அடித்து, குனிந்து, எதையோ பிடித்து இழுத்தார். எண்ணெயில் கறுத்த ஒரு கயிறு. ஒரு முனை கேபிளில் கட்டியிருந்தது. நாளாக நாளாக முடிச்சு தளர்ந்து மறுமுனை நீண்டு தொங்க, முழுதாக அழுத்தும்போதெல்லாம் அது சக்கரத்துக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது. துடைத்தால் மஞ்சள் நிறம் தெரிந்தது.

"கோயில் கயிறு ஆன்டி. யாரு கட்டினது?"

நான் இல்லை. இந்த மனிதர் கார் சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கக்கூட என்னை விட்டதில்லை. நான் கோயிலுக்குள் போனால் அவர் வெளியே நின்று கொட்டாவி விடுவார். திரும்பிப் பார்த்தேன். தன்னால் படிக்க முடியாத சுவர்க் காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?"

"நீ லைசென்ஸ் எடுத்த அன்னிக்கு," என்றார். "உள்ள கட்டினா பார்த்துட்டுக் கிண்டல் பண்ணுவ. அதான் பானட்டைத் தூக்கி, கையில தட்டுப்பட்டதுல கட்டினேன். கண்ணு சரியாத் தெரியலல்ல."

"அடப்பாவி மனுஷா! என்னைக் காப்பாத்தக் கட்டின கயிறு என்னையே மேலே அனுப்பிவைக்கப் பார்த்துச்சே!" என்று திட்டத் தொடங்கினேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவர்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

மெக்கானிக் கயிற்றை அறுத்து, "வீசிடவா?" என்றார். "குடு இங்க," என்று வாங்கிச் சாவி வளையத்தில் முடிந்துகொண்டேன்.

கிளம்பியதும் கேட்டேன். "சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டீங்க? நான் எங்கயும் மோதக் கூடாதுன்னா?"

"இல்ல. நீ பயந்துபோயி ஓட்டறத விட்டுடக் கூடாதுன்னு."

வீட்டுக்குப் போகும் சந்தில் திரும்பாமல் நேரே நெடுஞ்சாலைக்கு விட்டேன். முழுதாக அழுத்தினேன், காலை எடுத்தேன். எஞ்சின் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. அவர் கால் தரையில் சும்மா இருந்தது.

"எங்க போற?"

"பிரிக்பீல்ட்ஸ்."

"சவரம்கூடப் பண்ணலையே," என்று தாடையைத் தடவினார்.

"பரவால்ல. இன்னிக்குச் சனிக்கிழமைதானே, நான் மட்டும்தானே பாக்கப் போறேன்," என்றேன்.