அனுப்பும் முன்பே வந்த செய்தி

எண்பதுகளின் நடுவில் திருப்பதியில் நான் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஊர்களில் இரண்டு கணினிகள். இரண்டின் நினைவகத்திலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். ஓர் ஊரில் அதை மாற்றினால் மற்ற ஊரிலும் மாற வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றினால் எது செல்லும்? கடைசியாக மாற்றியது செல்லும். எது கடைசி என்று தெரிய, ஒவ்வொரு மாற்றத்தோடும் கணினி தன் கடிகார நேரத்தைக் குறித்து அனுப்பும். ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் இந்த ஒரு விதியின் மேல் நின்றன.

ஒரு கணினி எங்கள் துறையில் இருந்தது. மற்றது சித்தூருக்கு வெளியே ஒரு கடலை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அவர்களுக்கு அதில் வேலை இல்லை, எனக்குத் தந்தார்கள். அதை இயக்கியவர் பாலசமுத்திரத்துக்காரர், முன்பு அங்கேயே டைப்பிஸ்டாக இருந்தவர். டிரங்க் கால் கிடைத்ததும் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். பிறகு இரு பக்கமும் ரிசீவரை, கணினியோடு இணைத்திருந்த இரண்டு ரப்பர் கிண்ணங்களுக்குள் அழுத்தி வைப்போம். அதற்கு மேல் கணினிகள் கீச்சுக்குரலில் பேசிக்கொள்ளும்.

என் பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிந்தது. ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது. கடைசி வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வந்து இரண்டு கணினிகளும் ஒத்துப்போவதை நேரில் பார்க்கும். திருப்தி என்றால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து. ஐந்து வருட வேலையை அலமாரியில் வைத்துவிட்டு, விடுப்பில் விட்டு வந்த சித்தூர்க் கல்லூரிக்கே போய் முதலாண்டுக்கு இயற்கணிதம் நடத்த வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தபோதும் அவை ஒத்துப்போகவில்லை. சித்தூரில் 40 என்று போட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பதியில் 55 என்று மாற்றினால் இரண்டிலும் 40 நின்றது. பழையது புதியதை அழித்தது. அச்சிட்ட தாளைப் பார்த்தால் இன்னும் மோசம். சித்தூரிலிருந்து 3.40க்குப் புறப்பட்ட செய்தி திருப்பதிக்கு 3.31க்கு வந்திருந்தது. இதுவும் எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் ஒன்பது நிமிடம், ஒரு நாள் ஏழு, ஒரு நாள் எல்லாமே சரி.

கடிகாரத்தைச் சந்தேகிக்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் போனில் மணி கேட்டேன். அவர் சொன்ன நேரமும் என் கைக்கடிகாரமும் ஒத்திருந்தன. மிஷினிலும் சரியாக இருக்கிறதா என்றால், "சரியா கீது மேடம்" என்பார். ஆகவே தப்பு என் நிரலில்தான் என்று முடிவு செய்து மூன்று வாரம் அதையே வரி வரியாகப் படித்தேன். படிக்காத வரி ஒன்று மீதி இருப்பதாகவே எப்போதும் தோன்றியது. என் வழிகாட்டியும் அதையே சொன்னார்: "புரோகிராம்லதாம்மா தப்பு. கடிகாரம் பொய் சொல்லாது. திரும்பப் பாரு."

குழு வரும் வாரத்துச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஆலைக்குப் போனேன். மாதா கோயிலுக்கும் வீட்டுக்கும் ஞாயிறுதோறும் சித்தூர் வந்துகொண்டுதான் இருந்தேன். ஆலைக்கு ஞாயிறு விடுமுறை. அந்தக் கணினி வேலை செய்வதை நான் நேரில் பார்த்ததே இல்லை.

மூன்றரைக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் அறை முழுக்கக் கடலைப் பிண்ணாக்கு வாசனை. கரண்ட் வந்ததும் கணினி, அந்தக் காலத்து வழக்கப்படி, தேதியும் நேரமும் கேட்டது. அதை இயக்கியவர் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 3.52 என்று தட்டினார். என் கையில் 3.42.

"இப்ப என்ன நேரம் போட்டீங்க?"

"செவுத்துல இருக்கறதத்தான் மேடம்."

"அது சரியான நேரமா?"

"அதெப்படி சரியா இருக்கும்? அது பத்து நிமிசம் ஃபாஸ்ட்டு." இதுகூடத் தெரியாமல் ஒருத்தி ஆராய்ச்சி செய்கிறாளா என்று அவர் முகத்தில் இருந்தது.

"போன்ல கேட்டா மட்டும் சரியா சொல்றீங்களே?"

"மனுசங்களுக்குக் கழிச்சிதான மேடம் சொல்லணும்."

"மிஷினுக்கு?"

"ஞாபகம் வந்தா கழிப்பேன். மிஷினு எந்த பஸ்ஸைப் புடிக்கப் போவுது?"

எதிர் மேசையில் இருந்த, குடிபாலாவிலிருந்து வரும் குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். "மொதல்ல அஞ்சு நிமிசம்தாம்மா தள்ளி வெச்சோம். அஞ்சு நிமிசம் கீதேன்னு எல்லாம் கதை பேசிக்கினு ஒக்காந்து பஸ்ஸை வுட்டாங்க. அப்புறம்தான் பத்தாக்கினோம். சாவி குடுக்க மறந்தா அதுவா ஏழு ஆயிடும்."

அந்த அலுவலகத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சுவரைப் பார்த்து மனசுக்குள் கழித்துக்கொண்டார்கள், ஒருவரும் தவறவில்லை. கழிக்கத் தெரியாதது கணினி மட்டும். தூரத்துக் கணினிகளின் கடிகாரங்களை நம்பக் கூடாது என்று நான் படித்திருந்தேன். நொடியின் பின்னங்களுக்கு அஞ்சி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். பத்து நிமிடத்துக்கு அஞ்சத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சரியான நேரம் போட்டே ஆக வேண்டும் என்றேன். கணினிக்காரர் உடனே ஒரு சீட்டில் 'பத்து கழிக்கவும்' என்று எழுதித் திரைக்கு மேலே கோந்து போட்டு ஒட்டினார். "கவலப்படாம போங்க மேடம்."

வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெள்ளிக்கிழமை நேரம் சரியா இருக்கும் இல்லையா? அது போறும். இதைப் போய் அவா கிட்ட சொல்லிண்டு இருக்காதே," என்றார். நான் சரி என்றேன். அடுத்த இரண்டு நாளும் அந்தச் சரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போகிற ஊரில், ஒரு மனிதர் ஞாபகமாகக் கழித்தால் மட்டும் வேலை செய்கிற விதிக்கு நான்கு அத்தியாயம் எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்குக் குழு வந்து உட்கார்ந்தது. நடுவில் இருந்தவர் வெளியூரிலிருந்து வந்த, தெலுங்கு பேசும் பேராசிரியர், அதிகம் பேசாதவர். டிரங்க் கால் கிடைத்தது.

"மேடம், கரண்டு போய் இப்பதான் வந்துச்சி. கரெக்டா பத்து கழிச்சிப் போட்டுட்டேன்."

"சந்தோஷம்."

"இன்னொண்ணு மேடம். பெரியவங்கல்லாம் பாக்கறாங்களாமேன்னு மேனேஜர் சார் காலைலயே கடியாரத்த ரேடியோ டைமுக்குத் திருப்பி வெச்சிட்டாரு. உங்களுக்காவ."

"அதுலேர்ந்துமா கழிச்சீங்க?"

"எழுதி ஒட்டி வெச்சிக்கிறோமே மேடம்."

சித்தூர்க் கணினி இப்போது பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது. மறுபடி தட்டச் சொன்னால் ஒரு நிமிட வேலை. சொல்ல வாயும் திறந்தேன். பேராசிரியர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமைந்தம்மா?"

என்ன ஆயிற்று என்று கேட்டார். அரைகுறைத் தெலுங்கில் கடிகாரம், பஸ், சீட்டு, மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னேன். வழிகாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. "அட்லே உண்டனி," என்றார். அப்படியே இருக்கட்டும், பார்க்கலாம்.

ரிசீவரைக் கிண்ணத்தில் வைத்தேன். நான் 40 போட்டேன். இரண்டு நிமிடம் கழித்து, சொல்லிவைத்தபடி அவர் சித்தூரில் 55 என்று மாற்றினார். இரண்டிலும் 40 நின்றது. மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்தார்கள்.

"நேரத்தை நம்ப முடியாது. வேறு எதை நம்பலாம்?" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

அனுப்பிய பிறகுதான் ஒரு செய்தி வந்துசேர முடியும், அந்த வரிசை ஒன்றைத்தான், என்றேன். அதை வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் போட்டுக்கொண்டே போகலாம், மணி பார்க்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யவில்லை. அவர் எதையோ குறித்துக்கொண்டு என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

தாழ்வாரத்தில் நாற்காலி இல்லை. சுவரோடு நின்றேன். உள்ளே வழிகாட்டியின் குரல்தான் அதிகம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒரு முறை யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். முடிந்துவிட்டது என்று நிமிர்ந்தேன். முடியவில்லை.

கடைசியில் வழிகாட்டி மட்டும் வெளியே வந்தார், கையில் ஒரு தாள்.

"ஆறு மாசம் கொடுத்திருக்கா. கடிகாரத்தை எடுத்துடணுமாம். நாலு சாப்டரையும் புதுசா எழுதணும்."

"ரத்து இல்லையா சார்?"

"இன்னும் இல்லே," என்றார்.

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். இணைப்பு இன்னும் இருந்தது. ரிசீவரை எடுத்து, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தினமும் கணினி வேண்டும் என்று மறுமுனையில் காத்திருந்த பாலசமுத்திரத்துக்காரரிடம் சொன்னேன்.